யு.பி.எஸ். ஃபியூஸ் போய்விட்டதா? கடைக்குப் போகும் முன் படியுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, கூடவே யு.பி.எஸ்., ஸ்பைக் பஸ்டர் எல்லாம் மாட்டியாயிற்று. ஒரு நாள் சுவிட்சைப் போட்டால் யு.பி.எஸ். கரன்ட்டையே எடுக்கவில்லை. பேட்டரியில் சற்று நேரம் ஓடிவிட்டு அணைந்து விடுகிறது. அதே பிளக் பாயிண்ட்டில் டேபிள் லேம்ப் நன்றாக எரிகிறது. அப்படியானால் யு.பி.எஸ்.ஸின் பின்புறம் இருக்கும் சிறிய கண்ணாடி ஃபியூஸ் போயிருக்கலாம்.

சில ரூபாய் விஷயம்தான். ஆனால் அந்த இடத்தில் எதைப் போடுகிறோம் என்பது முக்கியம். அசோக் நகரில் வீடு வீடாகப் போய்க் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன் நான். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளையும் செம்புக் கம்பி இழையையும் பலமுறை பார்த்திருக்கிறேன். போட்டவுடன் மெஷின் ஓடும். ஆபத்தே அதுதான்!

வீட்டு மெயின் போர்டில் எம்.சி.பி. இருக்கிறதே?

இருக்கிறது. ஆனால் 16 ஆம்பியர் எம்.சி.பி. காப்பது சுவருக்குள் ஓடும் தடித்த வயரை. உங்கள் யு.பி.எஸ். பழுதாகி 8 ஆம்பியர் இழுத்தால் அது கண்டுகொள்ளாது. உள்ளே காயில் சூடாகிக் கருகும். பிரிட்டன், சிங்கப்பூர், மலேசியாவில் பிளக்கின் உள்ளேயே 3 அல்லது 13 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கும். நம் 6 ஆம்பியர், 16 ஆம்பியர் பிளக்குகளில் அது கிடையாது. ஆகவே அந்தச் சின்னக் கண்ணாடிக் குழாய்தான் உங்கள் கருவிக்கு இருக்கும் ஒரே காவல்.

ஐந்து விஷயங்களைப் பாருங்கள்

பழைய ஃபியூஸின் உலோக மூடியில் பொடி எழுத்தில் ஏதோ பொறித்திருக்கும். லென்ஸ் வைத்துப் படியுங்கள். உதாரணமாக 'டி 3.15 ஏ எல் 250 வி' என்று இருக்கலாம். இதன் பொருள் என்ன?

1. அளவு: இது மூடியில் இருக்காது, அளந்து பார்க்க வேண்டும். பெரும்பாலும் 5 மி.மீ. விட்டம், 20 மி.மீ. நீளம். சற்றுப் பெரியது 6.3 மி.மீ. விட்டம், 32 மி.மீ. நீளம்.

2. ஆம்பியர்: இங்கே 3.15. கடைக்காரர் "3.15 இல்லை சார், 5 போட்டுக்கோங்க" என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

3. வோல்ட்: நம் வீட்டு சப்ளை 230 வோல்ட். ஆகவே 250 வோல்ட் ஃபியூஸ் தேவை. காருக்கான 32 வோல்ட் கண்ணாடி ஃபியூஸ் பார்க்க ஒன்று போலவே இருக்கும். அதைப் போட்டால், கம்பி உருகிய பிறகும் இடைவெளியில் தீப்பொறி தாவி மின்சாரம் ஓடக்கூடும்.

4. வேகம்: 'டி' என்றால் நிதானமாக உருகும் வகை, 'எஃப்' என்றால் சட்டென்று உருகும் வகை. டிரான்ஸ்ஃபார்மர் உள்ள கருவிகள் ஆன் செய்த கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரன்ட் இழுக்கும். அங்கே 'எஃப்' போட்டால் காரணமின்றி அடிக்கடி போகும். 'எஃப்' இருக்க வேண்டிய மல்ட்டிமீட்டரில் 'டி' போட்டால், அது உருகுவதற்குள் மீட்டரே போய்விடும்.

5. தாங்கும் திறன்: 'எல்' என்றால் குறைவு, 'எச்' என்றால் அதிகம். 'எச்' வகையில் பெரும்பாலும் கண்ணாடிக்குப் பதில் மணல் நிரப்பிய பீங்கான் குழாய் இருக்கும். பீங்கான் இருந்த இடத்தில் கண்ணாடியைப் போடாதீர்கள். பெரிய ஷார்ட் சர்க்யூட்டில் அது வெடித்துச் சிதறலாம்.

எழுத்து அழிந்திருந்தால்?

ஃபியூஸ் ஹோல்டருக்குப் பக்கத்திலோ மேனுவலிலோ அளவு போட்டிருக்கும். அதன்படியே வாங்குங்கள். ஒரு சின்னக் கணக்கும் உதவும். 600 வி.ஏ. யு.பி.எஸ். என்றால் 600ஐ 230ஆல் வகுங்கள், சுமார் 2.6 ஆம்பியர். அதற்கு யாராவது 10 ஆம்பியர் ஃபியூஸை நீட்டினால் தவறு என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

மாற்றுவது எப்படி?

முதலில் யு.பி.எஸ்.ஸை ஆஃப் செய்து, பிளக்கைச் சுவரிலிருந்து உருவுங்கள். பவர் கார்டு செருகும் இடத்திலேயே சில கருவிகளில் ஒரு குட்டி டிராயர் இருக்கும். அதற்குள் உபரி ஃபியூஸும் இருக்கலாம். மற்றவற்றில் வட்ட மூடியைத் திருகிக் கழற்ற வேண்டும். கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ். உள்ளே இருக்கும் ஃபியூஸை மட்டும் தொடாதீர்கள். பிளக்கை எடுத்த பிறகும் அதன் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

கழற்றிய ஃபியூஸை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண்ணாடி தெளிவாக இருந்து கம்பி மட்டும் அறுந்திருந்தால் லோடு சற்று அதிகமாகியிருக்கலாம். யு.பி.எஸ்.ஸில் லேசர் பிரிண்டர் மாட்டியிருந்தால் எடுத்துவிடுங்கள். கண்ணாடி கறுத்திருந்தால் உள்ளே ஷார்ட் சர்க்யூட். புது ஃபியூஸ் போட்டுச் சோதிக்காமல் மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

மழைக்காலத்தில் கூடுதல் கவனம் தேவை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அசோக் நகரிலும் பக்கத்து ஜாபர்கான்பேட்டையிலும் தண்ணீர் புகுந்தது நினைவிருக்கும். ஈரம் பட்ட யு.பி.எஸ்.ஸை உலர்ந்தது போலத் தெரிந்தாலும் பரிசோதிக்காமல் ஆன் செய்யக் கூடாது. இன்னொன்று: இடி மின்னலையும் அதிக வோல்ட்டேஜையும் ஃபியூஸ் தடுக்காது. இடி இடிக்கும்போது பிளக்கை உருவி வைப்பதே நல்லது.

கடைக்குப் போகும்போது பழைய ஃபியூஸைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அருகில் கிடைக்காவிட்டால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் தேடலாம். ஒன்றுக்கு மூன்றாக வாங்கி, ஒரு மாத்திரைக் கவரில் போட்டு, எந்தக் கருவிக்கு என்று எழுதி வையுங்கள். மூன்று வாங்கியதால் மூன்றையும் போட்டுப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். சரியான ஃபியூஸ் போட்டும் இரண்டாவது முறை போனால், பழுது ஃபியூஸில் இல்லை, கருவியில் இருக்கிறது!