கத்துவது பெட்டியா, பக்கமா?

சென்ற மாதம் ஒருநாள் மாலை, மட்டக்களப்புக் கல்லடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், பேத்தியின் சாதாரணதரப் பரீட்சைக்கெனக் கடந்தகால வினாத்தாள்களை இணையத்திலே தேடியலைந்து, பச்சை நிறத்தில் பளிச்சென்று தெரிந்த பதிவிறக்கப் பொத்தான் ஒன்றை அழுத்தினார். மறுகணமே திரை முழுவதும் நீலமாயிற்று. அபாயச் சங்கு ஊதிற்று. வைரஸ் புகுந்துவிட்டதென்றும், கீழ்க்காணும் இலக்கத்தை உடனே அழைக்காவிடில் சேமித்தவை யாவும் நாசமாகுமென்றும் ஆங்கிலத்தில் எச்சரிக்கை தோன்றிற்று. "தம்பி, இது கத்துது, நிப்பாட்ட ஏலாமக் கிடக்கு" என்று அவர் தொலைபேசியிற் சொன்னபோது, அந்த ஓலம் எனக்கும் கேட்டது.

போய்ப் பார்த்தேன். எச்சரிக்கையின் அடியில் அவர் இருக்கும் ஊர் கொழும்பு என்று எழுதியிருந்தது! இணைய இணைப்பின் முகவரியை வைத்து ஊரை ஊகிப்பது எந்த வலைப்பக்கத்துக்கும் எளிய காரியம். சேவை தருவோரின் நிலையம் கொழும்பில் இருந்தால் கல்லடிக்காரரும் கொழும்பு வாசியாகிவிடுவார். ஆனால் அச்சத்தில் இருப்பவருக்கு அந்தத் தவறு கண்ணிற் படுவதில்லை.

அந்த ஓலம் எங்கிருந்து எழுந்தது என்பதை ஒரு பழைய நிகழ்வு விளக்கும். 1848ஆம் ஆண்டில், அக்கால இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளர் எமர்சன் தெனன்ட், பாடும் மீனின் ஓசையைக் கேட்கவென நிலவில் நம் வாவியிலே தோணியேறிச் சென்று, தோணியின் பலகையிற் காதை வைத்தபோது ஒலி மிகுந்து கேட்டதாக எழுதிவைத்தார். அதற்காகப் பலகை பாடிற்று என்று அவர் கொள்ளவில்லை. ஊரி என்னும் நத்தைதான் அழுகிறதென்று மீனவர் சொல்ல, நீருக்குள்ளேயே காரணம் தேடினார். ஆசிரியரின் கணினியும் அந்தப் பலகையைப் போன்றதே. ஓலம் அதன் வழியாக வந்ததேயன்றி அதிலிருந்து எழவில்லை.

வலைப்பக்கம் ஒன்று திரை முழுவதையும் நிரப்பவும், முகவரிப் பட்டையை மறைக்கவும், ஒலியெழுப்பவும், மூடமூடச் சிறுபெட்டிகளைத் திறக்கவும் உலாவி இடங்கொடுக்கிறது. திரைப்படம் பார்ப்பதற்கென அமைந்த வசதியை வேடதாரிகள் தமக்குச் சாதகமாக்கிக்கொண்டார்கள். யந்திரம் பூட்டுண்டதென்பது வெறுந் தோற்றம். எஸ்கேப் விசையைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும். விலகாவிடில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, திறக்கும் பட்டியலில் உலாவியை முடித்துவிடலாம். மீண்டும் திறக்கையில், பழைய பக்கங்களை மீட்கவா என்று அது கேட்டால் வேண்டாமென்று சொல்லிவிடவேண்டும். இவ்வளவுதான் நாங்கள் செய்தோம், சங்கு நின்றது.

உண்மையான அபாயம் அந்த இலக்கத்தை அழைத்த பின்னரே தொடங்குகிறது. மறுமுனையிலுள்ளவர் மிக்க மரியாதையுடன் எனிடெஸ்க் போன்ற தொலைவியக்கச் செயலி ஒன்றை நிறுவச்செய்து, நல்ல கணினியிலும் நாள்தோறும் பதிவாகும் சாதாரணப் பிழைக் குறிப்புகளை விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டிலே திறந்துகாட்டி, 'பாருங்கள், எத்தனை வைரஸ்!' என்று நடுங்கவைத்துக் கட்டணம் கேட்பார். சிலர் வங்கிக் கணக்கையும் திறக்கச் சொல்வர். 2023 ஒக்டோபரில் இந்திய மத்தியப் புலனாய்வுத் துறை, 'ஒப்பரேஷன் சக்ரா 2' என்ற பெயரில், தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் 76 இடங்களைச் சோதனையிட்டது. இவ்வகை மோசடிபற்றி மைக்ரோசொஃப்ட், அமேசான் நிறுவனங்கள் கொடுத்த முறைப்பாடுகளும் அதற்குக் காரணமாயிருந்தன. தன் எச்சரிக்கைகளில் தொலைபேசி இலக்கம் ஒருபோதும் இராதென்று மைக்ரோசொஃப்ட் வெளிப்படையாகவே அறிவித்திருக்கிறது. இலக்கம் இருந்தால் அது பொய். வேறு ஆராய்ச்சி வேண்டியதில்லை.

ஆசிரியரின் கணினியில் இன்னொரு தொல்லையும் இருந்தது. திரையின் மூலையில் ஓயாமல் விளம்பரங்கள் முளைத்தன. 'நீங்கள் மனிதரென்று காட்ட அனுமதியை அழுத்துக' என்று எப்போதோ ஒரு தளம் கேட்டதற்கு இணங்கி, அறிவித்தல் அனுப்பும் உரிமையைத் தம் கையாலேயே அவர் வழங்கியிருந்தார். உலாவியின் அமைப்புகளில் அந்த உரிமையை நீக்கினோம். அவர் அறியாமல் உலாவியில் ஒட்டியிருந்த இரண்டு நீட்சிகளையும் அகற்றினோம்.

தொலைவியக்கத்துக்கு ஏற்கெனவே இடங்கொடுத்தவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டிராமல், இணைய இணைப்பை உடனே துண்டித்து, வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றி, வங்கிக்கு அறிவித்துவிட்டு, கணினி அவசரநிலைகளில் உதவும் 'ஸ்ரீலங்கா சேர்ட்' அமைப்பை 101 என்ற இலக்கத்தில் அழைக்கவேண்டும். பேத்தி தேடிய வினாத்தாள்களோ, கல்வி அமைச்சின் 'ஈ-தக்சலாவ' தளத்தில் தமிழிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன.