வீட்டைச் சுற்றி நிற்கும் நீர்

மதுரையில் ஆண்டுக்கு ஏறக்குறைய 85 சென்டிமீட்டர் மழைதான் பெய்கிறது. ஆயினும் அதில் ஏறத்தாழப் பாதி, வடகிழக்குப் பருவத்தின் சில நாட்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. 2024 அக்டோபர் 25 அன்று அவ்வாறு கொட்டியபோது செல்லூர்ப் பகுதியில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. ஊர் வாய்க்கால்களைச் சீராக்குவது மாநகராட்சியின் பொறுப்பு. நம் சுற்றுச்சுவருக்குள் விழும் நீருக்கு வழி சொல்வது நம் பொறுப்பு. அதற்கு ஒரு மண்வெட்டியும் கொஞ்சம் கணக்கும் வேண்டும்.

1,000 சதுர அடி மொட்டைமாடியில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் சேரும் நீர் சுமார் 4,600 லிட்டர். 2003இல் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது, பல வீடுகளில் குழி தோண்டி ஜல்லி நிரப்பினார்கள். மூன்றடிச் சதுரமும் ஐந்தடி ஆழமும் கொண்ட அத்தகைய குழியில், ஜல்லிக்கு இடையே நிற்கக்கூடிய நீர் எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ 500 லிட்டர்! மீதியை மண் உறிஞ்ச வேண்டும். அல்லது நீர் வழிந்தோட வேண்டும். ஆகவே குழியின் அளவைக் காட்டிலும் அதன் அடியிலுள்ள மண்ணின் குணமே முக்கியம்.

மண்ணைச் சோதிப்பது எளிது. ஓரடி அகலம், மூன்றடி ஆழத்தில் ஒரு பள்ளம் எடுத்து, முதல்நாள் இரவு நீர் நிரப்பி ஊறவிடுங்கள். மறுநாள் மீண்டும் அரையடி நீர் ஊற்றி, ஒரு குச்சியால் அளந்து பாருங்கள். ஒரு மணி நேரத்தில் ஓர் அங்குலம்கூட இறங்கவில்லையானால் அங்கே உறிஞ்சுகுழி பயன்படாது. அது கொசுக்குத்தான் உதவும். கொசு முட்டை ஒருவாரம், பத்து நாளில் பறக்கத் தொடங்கிவிடும்.

செம்மண் பாங்கான இடங்களில் நீர் பெரும்பாலும் இறங்கிவிடும். திருமங்கலம் பக்கத்துக் கரிசலில் நிலைமை வேறு. அதிலுள்ள ஒருவகைக் களிமண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். கடைகால் அருகே ஒருபுறம் மட்டும் நனைந்தால் அந்தப் பக்கம் மேலெழும்பிச் சுவர் பிளக்கிறது. ஆகவே கரிசலில் வீட்டை ஒட்டி உறிஞ்சுகுழி கூடவே கூடாது. மற்ற மண்ணிலும் சுவரிலிருந்து பத்தடியாவது தள்ளியிருப்பது நல்லது. (குடியிருப்பின் பெயர் குளம், ஏந்தல், நேரி என்று முடிகிறதா என்றும் பாருங்கள். பீபீகுளம், உலகநேரி போன்ற பெயர்கள், நீர் முன்பு எங்கே தங்கியது என்பதைச் சொல்லிவிடுகின்றன.)

குழிக்கு முன்பாகச் செய்யவேண்டியது சரிவு. கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் மட்டம் இதற்குப் போதும். தெளிவான பிளாஸ்டிக் குழாயில் நீர் ஊற்றி இரு முனைகளையும் தூக்கிப் பிடித்தால், இரண்டிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். உள்ளே காற்றுக் குமிழி இருந்தால் மட்டம் பொய் சொல்லும், தட்டி வெளியேற்றுங்கள். ஒரு முனையைச் சுவரோரத்திலும் மறுமுனையைப் பத்தடி தள்ளியும் பிடித்து, தரையிலிருந்து நீர்மட்டம் வரை இரண்டிடத்திலும் அளக்க வேண்டும். வெளிமுனையின் அளவு ஆறங்குலம் கூடுதலாக இருந்தால் மண் தரைக்குச் சரிவு சரியானது. சிமெண்டுத் தரைக்கு இரண்டரை அங்குலம் போதும். மண் கொட்டித் திமிசால் கெட்டிப்படுத்தி இச்சரிவைப் பெறலாம். ஆனால் சுவரில் ஈரத்தடுப்புப் பட்டைக்கு மேலே மண் ஏறிவிடக் கூடாது.

சரிவின் முடிவில் ஆழமில்லாத ஓடை ஒன்று வெட்டி, நூறடிக்கு ஓரடி இறக்கம் வைத்தால் நீர் தேங்காமல் நகரும். ஓடையில் புல் வளர்ந்திருந்தால் மண் அரிக்காது. வழியில் குழி, குழி நிரம்பியபின் தெரு வடிகால். அடுத்த வீட்டுப் பக்கம் திருப்பிவிடுவதை வடிகால் என்று சொல்ல முடியாது.

தோண்டுமுன் மின்கம்பியும் குழாய்களும் போகும் இடத்தைக் கேட்டறியுங்கள். நாலடிக்கு மேல் ஆழமான குழியில் தனியாக இறங்காதீர்கள்; ஈர மண் சரிந்து மூடிவிடும். கழிப்பறைத் தொட்டியின் நீர் மழைக்குழியில் சேரக் கூடாது. அது நிலத்தடி நீரையே கெடுக்கும்.

பாத்திரம் கழுவிய நீரும் குளித்த நீரும் வேறு. இவற்றை மழைக்குழிக்கு விடாமல், வாழை, சேம்பு, கல்வாழை நட்ட பாத்திகளுக்கு விடலாம். இடையில் தேங்காய் நாரும் மணலும் இட்ட ஒரு தொட்டி எண்ணெய்ப் பிசுக்கைப் பிடித்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை நாரை மாற்றுங்கள். மாற்றாவிட்டால் நாற்றமே நினைவூட்டும். இரண்டு பாத்திகள் இருந்தால் நல்லது. ஒன்றில் நீர் பாயும்போது மற்றது காயட்டும்.