அரும்பு 1, மொட்டு 2, மலர் 3: இடைவெளி சமமா?

திருவண்ணாமலை என்றதும் கிரிவலம்தான் பலருக்கும் நினைவு வரும். நான் சொல்வது ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலை. புரட்டாசி சனிக்கிழமைகளில் கூட்டம் நிறையும் சீனிவாசப் பெருமாள் மலை. இங்கே பூக்கட்டும் வீட்டுப் பிள்ளைகள் வகுப்பில் உண்டு. அப்படி ஒரு சிறுமி ஒருநாள் சொன்னாள்: "அரும்பு மொட்டாகத்தான் நாளாகும் டீச்சர். மொட்டு விரிய ஒரு ராத்திரி போதும்."

அன்று மாலை என் கணினியில் இருந்த அட்டவணை உறுத்தியது.

2022-23இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரிக்கிறோம். தொடக்க நிலையை வைத்துப் பருவ இறுதி மதிப்பெண்ணைக் கணிக்க விரும்பிய நான், அவற்றுக்கு 1, 2, 3 எனக் குறியிட்டுத் தொடர்புப்போக்கு கண்டிருந்தேன். வரிசை சரிதான். ஆனால் எண்ணாக்கியதுமே இரண்டு இடைவெளிகளும் சமம் என்று நானே மென்பொருளிடம் சொல்லிவிட்டேன்.

விளக்கத்துக்காக எளிய எண்களை எடுத்துக்கொள்வோம். நிலைக்குப் பத்துக் குழந்தைகள். 20 மதிப்பெண் தேர்வில் சராசரி முறையே 6, 9, 17. என் முறையில், ஒரு நிலை ஏறினால் 5.5 மதிப்பெண் கூடும் என்று விடை வரும். மொட்டுக் குழந்தைக்கு 10.7 எனக் கணிப்பு. உண்மையில் அவர்கள் எடுத்தது 9. மொட்டுக்கும் மலருக்கும் நடுவே உள்ள 8 மதிப்பெண் பள்ளம் மறைந்துபோகிறது. பூவில் கடினமானது முதல் படி. இந்த வகுப்பில் இரண்டாம் படி. இது தெரியாமல் இரண்டு குழுவுக்கும் ஒரே அளவு நேரம் ஒதுக்கினால் இழப்பு மொட்டுக் குழந்தைகளுக்கே.

மாற்று வழி எளிது. ஒரு பத்திக்குப் பதில் இரண்டு பத்திகள். முதலாவது 'மொட்டை எட்டியவரா?': அரும்புக்கு 0, மற்ற இருவருக்கும் 1. இரண்டாவது 'மலரை எட்டியவரா?': மலருக்கு மட்டும் 1. இப்போது மாறிலி 6, முதல் கெழு 3, இரண்டாவது 8. ஒவ்வொரு படியின் உயரமும் தனித்தனியே தெரிகிறது. எக்செல்லிலேயே செய்யலாம்.

இலவசமாகக் கிடைக்கும் ஆர் மென்பொருளைப் பயன்படுத்துவோர் இரண்டு இடங்களில் தடுக்கி விழுவார்கள்; நானும் விழுந்தேன். நிலைகளின் வரிசையை நாம் சொல்லாவிட்டால் அது அகர வரிசையை எடுத்துக்கொள்ளும்: அரும்பு, மலர், மொட்டு! அடுத்தது, 'வரிசையுள்ள காரணி' என்று அறிவித்தால் படி உயரங்களைத் தராது; நேர்கோட்டுக் கூறு, இருபடிக் கூறு என்ற இரண்டு கெழுக்களைத் தரும். இருபடிக் கூறு பூச்சியத்தை ஒட்டியிருந்தால் இடைவெளிகள் ஏறக்குறைய சமம். அப்போது 1, 2, 3 குறியீடே போதும். அதை முற்றிலும் ஒதுக்க வேண்டியதில்லை.

ஒரு நிலையில் இரண்டு மூன்று குழந்தைகளே இருந்தால் அந்தப் படியின் உயரத்தை நம்ப வேண்டாம். ஒரு பிள்ளை காய்ச்சலோடு தேர்வெழுதினாலே கெழு மாறிவிடும். பக்கத்துப் பள்ளிகளின் தரவையும் சேர்த்துப் பாருங்கள். நான் இப்போது அட்டவணையில் எண்ணே இடுவதில்லை. நிலையின் பெயரைத்தான் எழுதுகிறேன். குறியீட்டைக் கணக்கிடும்போது பார்த்துக்கொள்ளலாம்.