விரல்களுக்கும் இடைவேளை வேண்டும்

புதுச்சேரி ரொமேன் ரோலண்ட் வீதியில் க்ளூனி கன்னியர் நடத்தும் பூத்தையல் கூடத்தில், மேஜை விரிப்பிலும் கைக்குட்டையிலும் பெண்கள் கையாலேயே பூ போடுகிறார்கள். ஒரு சின்ன இதழை நிரப்பவே ஊசி எத்தனையோ முறை துணிக்குள் போய் வர வேண்டும். ஒவ்வொரு முறையும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஊசியை இறுக்குகின்றன. மணிக்கட்டு ஒரே பக்கமாகத் திரும்புகிறது. வில்லியனூர் சுடுமண் சிற்பத்துக்கு மண் பிசையும் கைக்கும், திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைக்கு வண்ணம் தீட்டும் விரலுக்கும் இதே வேலைதான்: ஒரே அசைவு, நாள் முழுக்க.

கை கடுத்தால் வயதைக் காரணம் சொல்லி, தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாளும் வேலைக்கு உட்காருபவர்களே அதிகம். ஆனால் வலிக்கு வேலை நடக்கும் விதமும் காரணம். 1700-இல் தொழிலாளர் நோய்கள் பற்றி நூல் எழுதிய இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி, எழுத்தர்களின் துன்பத்துக்கு மூன்று காரணங்களைச் சொன்னார்: ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கையை ஒரே விதமாக அசைப்பது, பிழை வரக்கூடாதே என்று மனம் இறுகுவது. பூத்தையலுக்கு மூன்றும் பொருந்தும்.

விரல்களை மடக்கும் வலுவான தசைகள் முன்கையில் இருக்கின்றன. அவற்றின் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் மணிக்கட்டின் குறுகலான பாதை வழியே உள்ளங்கைக்கு வருகின்றன. மணிக்கட்டு மடங்கியே இருந்தால் அங்கே அழுத்தம் கூடும். நாண்களின் உறை வீங்கினால் நரம்பு நசுங்கி, கட்டைவிரல் முதல் மோதிர விரலின் பாதி வரை மரத்துப்போகும். தூக்கத்தில் விழித்துக் கையை உதறுவது இதற்கான முக்கிய அறிகுறி. கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டின் ஓரமாகச் சுண்டி இழுக்கும் வலி வேறு வகை. 1895-இல் அதை விவரித்த சுவிஸ் மருத்துவர் டி குவெர்வெய்னின் பெயரிலேயே அது வழங்குகிறது.

தடுக்கும் வழிகள் எளியவை. துணிச்சட்டத்தைக் கையில் பிடிக்காமல் தாங்கியில் பொருத்தினால் ஒரு கைக்கு விடுதலை. ஊசி வழுக்கினால் விரலில் ரப்பர் உறை மாட்டலாம், இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்காது. முழங்கை உடலை ஒட்டியும் மணிக்கட்டு நேராகவும் இருக்கட்டும். கழுத்து குனியாதபடி துணியை உயர்த்தி, வெளிச்சம் விழும் பக்கம் உட்கார வேண்டும். மண்ணைப் பதமாக ஊறவைத்து, மணிக்கட்டின் பலத்தால் அல்லாமல் உடலின் எடையால் பிசைய வேண்டும்.

இவற்றிலும் முக்கியம், அடிக்கடி எடுக்கும் குட்டி ஓய்வு. வலி வரும்வரை காத்திராமல், அரை மணிக்கு ஒருமுறை ஊசியை வைத்துவிட்டு விரல்களை விரித்து, தோளைச் சுழற்றி, நாலு அடி நடக்கலாம். தையலுக்கு நடுவே நூல் வெட்டுவது, வரைபடம் பதிப்பது, இஸ்திரி போடுவது என்று வேலையை மாற்றினாலும் அதே நாண்களுக்கு ஓய்வு கிடைக்கும். மரமரப்போ பிடிமானக் குறைவோ தொடர்ந்தால், தைலத்தோடு நின்றுவிடாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். முற்றினால் கட்டைவிரல் தசையே மெலியக்கூடும்.

ஆனால் உருப்படிக் கணக்கில் கூலி வாங்கும் பெண்ணுக்கு ஓய்வு என்றால் வருமான இழப்பு. 1936 ஜூலை 30 அன்று துப்பாக்கிச் சூட்டில் 12 பஞ்சாலைத் தொழிலாளர்களைப் பறிகொடுத்து, பிறகு எட்டு மணி நேர வேலை உரிமையை வென்ற ஊர் புதுச்சேரி. அந்த உரிமை வீட்டுத் திண்ணையில் தைப்பவரை இன்னும் எட்டவில்லை. பூ வேலைக்கு ஆர்டர் கொடுக்கும் கடைக்காரரும் ஏற்றுமதியாளரும் ஓர் உருப்படிக்கு ஆகும் நேரத்தைக் கணக்கிடும்போது, இந்தக் குட்டி ஓய்வுகளையும் சேர்த்தே கூலி பேச வேண்டும்.