சராசரிக்கு அடங்காத மழை

பினாங்கில் எந்தக் கடைவீட்டுக்குள் ஒதுங்கி நின்றாலும் ஒரு மழை நம்மை விடுவதில்லை. மியூவான் என்னும் துகள்கள் கூரையையும் கான்கிரீட்டையும் கடந்து, கடல்மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒன்று என்ற கணக்கில் நம் உடலை ஊடுருவிப் போகின்றன. இவற்றின் பூர்வீகம் வானத்தில் வெகு உயரத்தில் இருக்கிறது. விண்வெளியிலிருந்து பாய்ந்து வரும் ஒரு புரோட்டானோ இரும்பின் அணுக்கருவோ, காற்றிலுள்ள நைட்ரஜன் கருவில் மோதுகிறது. அந்த மோதலில் பையான்கள் என்ற துகள்கள் பிறக்கின்றன. மின்னேற்றம் உள்ள பையான் சிதைந்தால் மியூவான்; மின்னேற்றம் இல்லாதது நொடிப்பொழுதுகூடத் தாங்காமல் இரண்டு காமாக் கதிர்களாகும். காமாக் கதிர் எலக்ட்ரானையும் பாசிட்ரானையும் ஈன்றெடுக்க, அவை மீண்டும் காமாக் கதிர்களை உமிழ்கின்றன. ஒன்று பலவாகி, தரையை நெருங்கும்போது லட்சக்கணக்கில் பெருகி ஒரு துகள் பொழிவாகிவிடும்.

தரையில் இருக்கும் நமக்குக் கிடைப்பது இந்தக் கடைசிக் காட்சி மட்டுமே. வந்தது யார், எவ்வளவு ஆற்றலோடு வந்தது என்பதைப் பின்னோக்கிக் கண்டுபிடிக்க வேண்டும். 1937இல் இயற்பியலாளர்கள் ஹோமி பாபாவும் வால்டர் ஹைட்லரும் இந்தப் பெருக்கத்துக்கு ஒரு கணிதம் எழுதினார்கள். எந்த ஆழத்தில் சராசரியாக எத்தனை எலக்ட்ரான்கள் இருக்கும் என்று அது சொன்னது.

ஆனால் சராசரியாக எந்தப் பொழிவும் பெய்வதில்லை. முதல் மோதல் ஒருமுறை மேலே நடக்கும், மறுமுறை சில கிலோமீட்டர் கீழே. ஒரே ஆற்றலுள்ள இரண்டு புரோட்டான்கள் தரையில் பதிக்கும் தடங்கள் வெவ்வேறாக இருக்கும். அப்படியானால் சராசரியிலிருந்து எவ்வளவு விலகும்? என் பார்வையில் இத்துறையின் உயிர்க்கேள்வி இதுதான். பாபாவிடம் 1947இல் ஆய்வு தொடங்கிய சென்னைக்காரர் அல்லாடி இராமகிருஷ்ணன் இந்தக் கேள்வியைத்தான் கையிலெடுத்தார். எலக்ட்ரான் எண்ணிக்கையின் விலகலைக் கணக்கிடும் வழியை இருவரும் 1950இல் வெளியிட்டார்கள். பின்னர் 1962இல் சென்னையில் கணித அறிவியல் நிறுவனத்தைத் தொடங்கியவரும் இதே இராமகிருஷ்ணன்தான்.

காகிதக் கணக்கு ஓர் எல்லைக்கு மேல் போகவில்லை. அதற்கப்பால் கணினி வந்தது. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் உருவான கோர்சிகா என்ற நிரலை இன்று உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். அது ஒவ்வொரு துகளையும் தனித்தனியாகப் பின்தொடரும். எவ்வளவு தூரம் போய் மோதும், மோதினால் எவை பிறக்கும், அதற்கு முன்பே சிதைந்துவிடுமா என்று ஒவ்வொரு கட்டத்திலும் தாயம் உருட்டுவதுபோல ஒரு தற்செயல் எண்ணை எடுத்து முடிவு செய்யும். தாயத்தில் எது எத்தனை முறை விழும் என்பதை மட்டும் இயற்பியல் விதிகள் தீர்மானிக்கின்றன. மிகப் பெரிய ஆற்றல்களில் ஒரே பொழிவில் பத்தாயிரம் கோடி துகள்கள் பிறப்பதால் எந்தக் கணினியும் திணறும். அங்கே ஒரு கூட்டத்துக்கு ஒரு பிரதிநிதியை மட்டும் பின்தொடர்ந்து, அதற்கு மற்றவற்றின் எடையையும் ஏற்றிவிடுகிறார்கள்.

இந்தக் கணிப்பின் வலிமையை எனக்குப் புரியவைத்தது ஊட்டி. அங்கே 2,200 மீட்டர் உயரத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 நிலையம் இருக்கிறது. துகள் பட்டால் ஒளிரும் பிளாஸ்டிக் உணரிகள் ஏறக்குறைய 400, எட்டு மீட்டர் இடைவெளியில் பரவியிருக்கின்றன. கூடவே 560 சதுர மீட்டர் பரப்புள்ள மியூவான் தொலைநோக்கியும் உண்டு. 2014 டிசம்பர் 1 அன்று ஓர் இடிமேகம் அந்த நிலையத்தைக் கடந்தபோது, மியூவான்களின் எண்ணிக்கை ஏறக்குறைய இரண்டு சதவீதம் குறைந்தது. மேகத்தின் மின்புலம் நேர்மின்னேற்ற மியூவான்களின் ஆற்றலை உறிஞ்சி, எதிர்மின்னேற்றத்தவற்றுக்கு ஆற்றலைக் கூட்டுகிறது. வானில் நேர்மின்னேற்றத்தவையே அதிகம் என்பதால் மொத்தத்தில் இழப்பு.

ஆனால் இரண்டு சதவீதம் என்றால் எத்தனை வோல்ட்? அதை அந்த நிலையத்தின் எந்தக் கருவியும் நேரடியாகச் சொல்லாது. கோர்சிகாவுக்குள் எட்டு முதல் பத்து கிலோமீட்டர் உயரம் வரை ஒரு செயற்கை மின்புலத்தை வைத்து, மின்னழுத்தத்தை மாற்றி மாற்றிப் பொழிவுகளை ஓடவிட்டார்கள். உண்மையான இழப்போடு பொருந்திய விடை: 130 கோடி வோல்ட். அதுவரை பலூன்களை அனுப்பி அளந்ததில் மிகப் பெரியது 13 கோடி வோல்ட்தான். இடிமேகத்தில் 100 கோடி வோல்ட் வரை இருக்கலாம் என்று இயற்பியலாளர் சி.டி.ஆர். வில்சன் 1929இல் கணித்திருந்தார். தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, 2019இல், அதற்குச் சான்று நீலகிரியிலிருந்து வந்தது! மாலையில் பினாங்கின் கொடிமலைக்கு மேல் கருத்துத் திரளும் மேகங்களை அதன்பின் நான் வேறு கண்ணோடுதான் பார்க்கிறேன்.

நிரல் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிடுவதில்லை. அர்ஜென்டினாவில் 3,000 சதுர கிலோமீட்டரில் விரிந்துள்ள பியர் ஓஜே ஆய்வகம், கணினி எதிர்பார்ப்பதைவிட அதிக மியூவான்களைத் தரையில் காண்கிறது. முதல் சில மோதல்களில் பிறப்பவை பற்றிய நம் விதிகளில் ஏதோ குறை இருக்கிறது. அந்த விதிகளைச் சோதிக்க, 2025 ஜூலையில் ஜெனீவா அருகேயுள்ள பெரும் ஹாட்ரான் மோதுவியில் முதல்முறையாக ஆக்சிஜன் கருக்களைப் புரோட்டான்களோடு மோதவிட்டார்கள். காற்றில் நைட்ரஜனுக்கு அடுத்து அதிகம் இருப்பது ஆக்சிஜன்தான். அந்த மோதல்களில் அளந்தவற்றைக் கொண்டு பொழிவு நிரல்களின் விதிகளைத் திருத்தலாம்.