மெருகு முதலில், எழுத்து பிறகு

மாத்தளை நகரிலிருந்து ஏ-9 வீதியில் வடக்கே சுமார் 3 கிலோமீற்றரில் அலுவிகாரை இருக்கிறது. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமினி மன்னன் காலத்தில், வாய்மொழியாக வழங்கிவந்த பாளி திரிபிடகம் இங்குதான் ஓலையில் ஏறியது என்பது பௌத்த மரபு. இன்றும் அங்கு போகிறவர்களுக்கு ஓலையில் எழுதும் முறையைச் செய்தே காட்டுகிறார்கள். எழுத்தாணி கீறிய கோடு முதலில் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. குங்கிலிய எண்ணெயில் குழைத்த கரியை ஓலை முழுவதும் தேய்த்துத் துடைத்தால், பள்ளத்தில் மட்டும் கறுப்பு தங்கும். மற்ற இடம் சுத்தமாகிவிடும். தாளிப்பனை ஓலையை முன்கூட்டியே அவித்து, உலர்த்தி, வழவழப்பாக இழைத்து வைத்திருப்பதால்தான் இது முடிகிறது.

லேசரால் மரத்தில் பெயரும் படமும் பொறிக்கிறவர்களை அதிகம் குழப்புவதும் இதே வரிசைதான். நிறமற்ற வார்னிஷை முதலில் பூசுவதா, பொறித்த பிறகா?

பூசாத மரத்தில் லேசர் பட்டால் புகை அருகிலுள்ள துளைகளுக்குள் இறங்கி மஞ்சளாகப் படிந்துவிடும். பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். தேய்த்தால் மெல்லிய எழுத்தும் சேர்ந்து போகும். முதலிலேயே பூசி நன்றாகக் காயவிட்ட பலகையில் அந்தப் படிவு மெருகின் மேலேயே நிற்கும், ஈரத்துணிக்கு வந்துவிடும். எழுத்துக்குள் வர்ணம் நிரப்புவதானால் இந்த வரிசைதான் நல்லது. பூசாத மரத்தில் வர்ணம் நார்வழியே ஊறி எழுத்தின் ஓரம் கலங்கிவிடும். கடைசியில் மேலே இன்னொரு மெல்லிய பூச்சு கொடுக்கலாம். அதைத் தூரிகையால் இழுக்காமல் தெளிப்பது மேல். தூரிகை கரியை இழுத்துக்கொண்டு போகும். எண்ணெய் மெருகில் வேறொரு சங்கடம் உண்டு. அது மரத்தையே கருமையாக்குவதால் எரிந்த எழுத்துக்கும் பலகைக்கும் உள்ள வேறுபாடு மங்கும்.

இயந்திரத்தைப் பொறுத்தும் பலன் மாறும். காபனீரொட்சைட்டு லேசரின் 10.6 மைக்ரோமீற்றர் கதிரை வார்னிஷே உறிஞ்சி, மரத்தோடு சேர்ந்து ஆவியாகிறது. பூச்சு தடிப்பாக இருந்தால் ஓரங்கள் உருகிக் கொப்புளிக்கும். சிறு பட்டறைகளில் காணும் நீல டயோட் லேசரின் கதிரோ நிறமற்ற மெருகை ஊடுருவிப் போய் அடியிலுள்ள மரத்தைச் சுடுகிறது. எப்படியானாலும் பூச்சு மெல்லியதாக இருக்கட்டும். கரைப்பான் வாடை முழுதும் போன பிறகே பலகை இயந்திரத்துக்குள் போகட்டும். வாடை மிச்சமிருந்தால் தீப்பிடிக்கக்கூடும்.

முதற்பூச்சுக்குப் பலர் விரும்புவது செல்லாக். அரக்குப் பூச்சியின் பிசினைச் சுத்திகரித்து மதுசாரத்தில் கரைத்தால் செல்லாக் மெருகு. விரைவில் காயும், மெழுகு நீக்கிய வகைமேல் வேறெந்த வார்னிஷும் ஒட்டும்.

அந்த அரக்கை மாத்தளைக்காரருக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. அங்குள்ள பல்லே ஹாபுவிடக் கைவினைஞர்கள் அதைக் கரைப்பதே இல்லை. கரிநெருப்பில் இளக்கி, நிறம் சேர்த்து அடித்து, நூலாக இழுத்து, சூடேற்றிய மரத்தின் மேல் சுற்றிப் பதித்து, பெருவிரல் நகத்தால் கிள்ளி முடிக்கிறார்கள். கைத்தடியும் செப்பும் விசிறிக் காம்பும் இப்படித்தான் பூவேலை பெறுகின்றன. கடைசல் இயந்திரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தி உராய்வுச் சூட்டில் பூசும் வேலை வேறு. மாத்தளையின் பெயர் நகவேலைக்குத்தான். கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட ‘மத்தியகால சிங்களக் கலை’ என்னும் ஆங்கில நூலில் இரண்டையும் பதிவு செய்திருக்கிறார். இந்தக் கைவேலையை லேசர் செய்துவிடும் என்று யாரும் நம்ப வேண்டாம். லேசர் மரத்திலிருந்து எடுக்கத்தான் செய்யும், நகம் மேலே சேர்க்கிறது.

ஆசையில் பழைய அரக்குச் செப்பொன்றை எடுத்து அதன் மேல் பெயர் பொறிக்கக் கிளம்பிவிடக் கூடாது. பழங்காலத்துச் சிவப்பு சாதிலிங்கம், மஞ்சள் அரிதாரம். முன்னதில் பாதரசம், பின்னதில் ஆர்செனிக். லேசர் பட்டால் இரண்டும் புகையோடு வரும். மரப்பலகைக்குப் பதில் பீவீசி தகட்டை வைப்பதும் ஆபத்து: அதன் புகையிலுள்ள ஐதரசன் குளோரைட்டு நுரையீரலையும் அரிக்கும், இயந்திரத்தின் இரும்பையும் அரிக்கும்.