களிமண்ணும் குதிரையும் ஒரு வடிகாலும்

நடவுக்கு முன் வயலில் தண்ணீர் கட்டிச் சேற்றுழவு ஓட்டுகிறோம். மண் குழம்பி, அதன் கண்கள் அடைபட்டு, தண்ணீர் கீழே இறங்காமல் நிற்கிறது. தென்கிழக்கு இங்கிலாந்தின் வீல்டு பகுதியில், யாரும் கேட்காமலே, குளிர்காலம் முழுக்க இந்த வேலையைக் குதிரை செய்கிறது. அங்கே பல இடங்களில் கனத்த களிமண். 500 கிலோ எடையுள்ள குதிரை தீவனத்துக்காகப் படலருகே கால் மாற்றி மாற்றி நின்றால், அந்த இடம் சேறாகிவிடும்.

சேறு குதிரைக்கு ஆகாது. ஈரத்தில் ஊறிய குளம்பின் அடிப்பகுதி கறுத்து, நாற்றமெடுத்து அழுகும். கணுக்காலுக்குக் கீழே தோல் புண்ணாகி, பாக்டீரியா புகுந்து பொருக்குத் தட்டும்.

களிமண் துகள் 0.002 மில்லிமீட்டரைவிடச் சிறியது. துகள்களுக்கு நடுவே சிக்கிய நீரை அது லேசில் விடாது. சேற்றின் நடுவே குழி வெட்டினால் குட்டைதான் மிஞ்சும். களிமண்ணைப் பிழிய முடியாது; தண்ணீர் அங்கே வருமுன் வழிமறிக்கலாம்.

முதலில் கூரை. 3.6 மீட்டர் சதுர லாயத்தின் மேல் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் 324 லிட்டர். இறவாரத்தில் தகரம் வளைத்து அடித்து, அந்த நீரைத் தூரமாகக் கொண்டுபோய் விட வேண்டும்.

அடுத்தது, லாயத்துக்கு மேட்டுப் பக்கமாக, சரிவுக்குக் குறுக்கே ஒரு பள்ளம். தண்ணீர் போய்ச் சேரும் தாழ்ந்த முனையிலிருந்து மேல்நோக்கி வெட்டினால், வெட்டும்போதே நீர் வடிந்துகொண்டிருக்கும். வாட்டம் 100 மீட்டருக்கு 1 மீட்டர் போதும். நூல் கட்டி ரசமட்டம் பார்க்க வேண்டும். ஈரக் களியில் மண்வெட்டி பட்ட சுவர் புதுப்பானை போல வழவழவென்று மின்னும். அந்த மினுக்கம் கெடுதல்: நீர் நுழையும் கண்களை மண்வெட்டியே பூசி அடைத்துவிட்டது என்று பொருள். அதனால் கோடையில் வெட்டுவதே நல்லது.

பள்ளத்தில் வடிதுணி விரித்து, துளைகள் கீழ்நோக்க 100 மில்லிமீட்டர் குழாய் வைத்து, தரைமட்டம் வரை ஜல்லி நிரப்புவார்கள். மேலே மண் மூடினால் மழைநீர் உள்ளே இறங்காது. 'பிரெஞ்சு வடிகால்' என்ற இதன் பெயருக்கும் பிரான்சுக்கும் சம்பந்தமில்லை. 1859இல் பண்ணை வடிகால் பற்றி நூல் எழுதிய அமெரிக்க வழக்கறிஞர் ஹென்றி ஃபிளாக் பிரெஞ்சின் பெயர் அது.

கடைசியாக, படலடியில் துணி விரித்து ஜல்லி கொட்டி, மேலே பொடிக்கல் பரப்பிக் கெட்டிக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மழைக்குக் குதிரை மறுபடி உழத் தொடங்கிவிடும்.